பத்தா, ஐந்தா, ஏழா?

உலகில் உள்ளது கணமா, தொடர்ச்சியா? தமிழில் இது பல நூற்றாண்டுகள் நடந்த வழக்கு. பௌத்தரில் சௌத்திராந்திகர், எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் அழிகிறது என்றார்கள்; இதுவே கணபங்கம். தொடர்ந்து இருப்பதுபோல் தெரிவது நம் மயக்கம். சைவர் விடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அவர்களை வரிசையாக நிறுத்தி மறுத்தார். நேற்றுப் பார்த்தவனும் இன்று நினைப்பவனும் ஒருவன் இல்லையென்றால் நினைவு யாருடையது, வினைப்பயனை யார் அனுபவிப்பது என்பது கணபங்கத்தை எதிர்த்தவர்களின் நியாயமான கேள்வி.

எனக்கு இந்த வழக்கு புத்தகத்தில் மட்டும் இல்லை. தூத்துக்குடி மில்லர்புரத்தில் மின்சாரச் சக்கர நாற்காலிகளின் கண்ட்ரோலரைப் பழுது பார்க்கிறேன். வேகத்தைக் குறைக்க அந்த கண்ட்ரோலர் 24 வோல்ட்டைக் குறைப்பதில்லை. முழுசாகக் கொடுக்கும், முழுசாக நிறுத்தும்; நொடிக்கு 20,000 தடவை. பாதி அளவு என்றால் 25 மைக்ரோ நொடி ஓடும், 25 மைக்ரோ நொடி ஓடாது. பி.டபிள்யூ.எம். என்பது இவ்வளவுதான்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது கேட்டார்: “எதுவும் தொடர்ந்து ஓடலைங்கிய. பெறவு நாற்காலி எப்படித் தம்பி குலுங்காமப் போவுது?”

அருமையான கேள்வி. “கரண்டை நிறுத்துனாலும் காயில் விடாது அண்ணாச்சி” என்றேன். மோட்டார் சுருளில் சேர்ந்த காந்த ஆற்றல் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தைத் தள்ளும். அது டயோடு வழியாகச் சுற்றிச் சுற்றி வரும், அடுத்த துடிப்பு வரும்வரை. பேட்டரி கொடுக்காத நேரத்திலும் சுருளில் கிட்டத்தட்ட அதே 10 ஆம்பியர். ஆனால் கொடுத்து நிறுத்தும் மாஸ்ஃபெட் சுவிட்சின் காலில் ஒரு ஷண்ட், அதாவது மின்னோட்டத்தை அளக்கும் சிறு மின்தடை, வைத்து அளந்தால் இந்தச் சுற்றோட்டம் அங்கே வராது. அங்கே 10, பூஜ்யம், 10, பூஜ்யம்.

அளப்பதும் லேசான வேலை இல்லை. என்னிடம் உள்ள ஷண்ட் 1 மில்லி ஓம். 10 ஆம்பியருக்கு 10 மில்லி வோல்ட்தான் எழும்; சென்ஸ் ஆம்ப்ளிஃபயர் அதை 50 மடங்காக்கி அரை வோல்ட்டாகத் தரும். நம்மூர் உப்புக்காற்றில் பற்றவைத்த இடம் அரித்து அரை மில்லி ஓம் கூடினால், அளவுக்கம்பிகள் அந்த இணைப்புக்கு வெளியே இருக்கும்பட்சத்தில், 10 ஆம்பியர் 15 என்று காட்டும். கம்பிகளை ஷண்டின் உடலிலிருந்தே எடுக்க வேண்டும். ஷண்டை மோட்டார் கம்பியிலேயே வைத்தால் வேறு சிக்கல்: அதன் இரு முனையும் சேர்ந்து பூஜ்யத்துக்கும் 24 வோல்ட்டுக்கும் தாவிக்கொண்டிருக்க, நடுவில் 10 மில்லி வோல்ட் வித்தியாசத்தை மட்டும் ஆம்ப்ளிஃபயர் பிரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் அது நிதானத்துக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். அதனால் துடிப்பின் நடுவில் அளப்பதே நல்லது. சராசரி போதும் என்று கடைசியில் ஃபில்டர் போடுபவர்களும் ஒன்று பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் முட்டி மழுங்கியிருந்தால், பின்னால் வரும் சராசரி குறைவாகத்தான் இருக்கும். பார்க்க அமைதியான எண், உள்ளே பொய்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பாதி அளவில் ஓடும் ஒரே ஓட்டத்துக்கு மூன்று விடை வரும். சுருளில் 10. பேட்டரியிலிருந்து சராசரியாக 5. சுவிட்சைச் சூடாக்குவது இரண்டும் இல்லை, 7.07; வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. நாற்காலி மேட்டில் ஏறுமா என்றால் 10 பதில். பனிமய மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பச் சார்ஜ் காணுமா என்றால் 5 பதில். மாஸ்ஃபெட் தாங்குமா என்றால் 7.07. அங்கே 5 என்று எடுத்தால் வெப்பத்தைப் பாதியாகக் கணக்கிட்டவர் ஆவோம்; பலகை கருகும்.

சுவிட்சின் காலில் நிற்கும்போது பௌத்தர் சொல்வது சரி. அங்கே எந்தக் கணத்திலும் 5 ஆம்பியர் ஓடியதே இல்லை. சுருளில் நின்றால் சைவருடைய கேள்வி உயிரோடு இருக்கிறது: போன கணத்தை அடுத்த கணத்திடம் சேர்க்கும் ஒன்று அங்கே உண்டு. சுருள் ஆன்மா இல்லை. ஷண்டை வைத்து மறுபிறப்பைத் தீர்க்க முடியாது, நான் அதற்கு முயலவும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் ‘உள்ளது’, ‘இல்லது’ என்று தீர்ப்புச் சொல்வது இரு தரப்புக்கும் பொருந்தாது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

இதைச் சமணர் அத்தி நாத்தி என்று முன்பே வகுத்தார்கள். ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை. இதை வழவழா கொழகொழா என்று பலர் ஒதுக்குகிறார்கள். எல்லார் பேச்சும் சரி என்று தலையாட்டும் கொள்கை என்கிறார்கள். நான் ஒப்பவில்லை. இதைவிடக் கண்டிப்பான கொள்கை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கூற்றும் தன் இடத்தையும் எல்லையையும் சொல்லியாக வேண்டும். எல்லை தாண்டினால் அது பிழை. பேட்டரிக்கு மெய்யான 5, மாஸ்ஃபெட்டுக்குப் பொய்.

அந்தச் சமணம் நம் மாவட்டத்தில்தான் வேரூன்றி இருந்தது. கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறை முழுக்க வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயரும் ஊரும். அங்குள்ள வெட்டுவான் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் அவற்றையும் நின்று பாருங்கள். கணபங்கத்தை மறுக்கும் சமண வாதத்தைத் தமிழிலேயே படிக்க நீலகேசி இருக்கிறது. வாமன முனிவரின் சமய திவாகர உரையோடு அ. சக்கரவர்த்தி 1936இல் அதைப் பதிப்பித்தார். உரையை விடாமல், குண்டலகேசி வாதத்திலிருந்து தொடங்கிப் படியுங்கள்.