வலிக்கு யார் சாட்சி?

மார்பகத்தின் பாரத்தால் கழுத்தும் முதுகும் ஓயாமல் நோகும் ஒரு பெண், அதை அறுவை சிகிச்சையால் குறைத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் வாய் திறந்தால், முதலில் வரும் பதில் பெரும்பாலும் மருத்துவம் சார்ந்ததாக இருப்பதில்லை. ஆண்டவன் கொடுத்த உடம்பில் கத்தி வைக்கலாமா என்பதே அந்தப் பதில். அதைச் சொல்பவர்களை ஈரமில்லாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. உடம்பு நாம் விலை கொடுத்து வாங்கியதல்ல, நமக்கு அளிக்கப்பட்டது என்ற உணர்வு ஏறக்குறைய எல்லாச் சமயங்களிலும் உண்டு. அந்த உணர்வு வற்றிப்போன இடத்தில் உடம்பு வெறும் சரக்காகிவிடுகிறது. ஆனால் தகுந்த காரணத்துக்காக உடம்பில் கத்தி வைப்பதை இதே மனிதர்கள் நாள்தோறும் ஏற்கிறார்கள். குடல்வால் வீங்கினால் யாரும் சாத்திரம் பார்ப்பதில்லை. ஆகவே உண்மையான கேள்வி வேறு. காரணம் போதுமா போதாதா என்று தீர்ப்பது யார்? பாரத்தைச் சுமப்பவளின் சொல்லே முதல் சாட்சி என்பதும், கடவுளின் பெயரால் அந்தச் சாட்சியைத் தள்ளுவது சமயத்துக்கே பொருந்தாது என்பதும் என் வாதம்.

முதலில் வலியைப் பார்ப்போம். மார்பின் பாரம் உடலை முன்னால் இழுக்க, கழுத்து, தோள், மேல்முதுகுத் தசைகள் விழித்திருக்கும் நேரம் முழுவதும் அதை எதிர்த்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பிராவின் பட்டி அழுந்தி அழுந்தித் தோளில் நிரந்தரப் பள்ளம் விழுகிறது. மார்பின் அடிமடிப்பில் வியர்வை தேங்கித் தோல் வெந்து புண்ணாகிறது. நம் ஊர் வெக்கையில் அந்தப் புண் ஆறுவதற்குள் மறுபடி வந்துவிடுகிறது. சிலருக்குத் தலைவலியும் கைவிரல் மரத்துப்போவதும் சேர்ந்துகொள்கின்றன. தின்று கொழுத்ததால் வந்தது என்ற பேச்சும் எல்லோருக்கும் பொருந்தாது. ஒல்லியான சிறுமிகளுக்கும் பூப்பெய்தும் பருவத்தில் மார்பகத் திசு மட்டும் கட்டுக்கடங்காமல் வளர்வதுண்டு. கொழுப்பைவிடச் சுரப்பித் திசு மிகுந்திருக்கும் மார்பகம், உடல் எடையைக் குறைத்தாலும் பெரிதாகக் குறைவதில்லை. மருத்துவம் இதற்குப் பெயர் வைத்து, நோய்க்குறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. இருந்தும் இந்தப் பெண்ணின் வலி சந்தேகத்தோடுதான் கேட்கப்படுகிறது. ஏனென்றால் அது எக்ஸ்ரேயில் முறிந்த எலும்பாகத் தெரிவதில்லை.

சரியான பிரா போட்டால் போதுமே என்பது அடுத்த மறுப்பு. இதில் நியாயம் உண்டு, அதை முழுதாகக் கேட்க வேண்டும். பிராவின் அளவு இரண்டு பகுதிகள் கொண்டது: எண் என்பது மார்புக்குக் கீழே உடலைச் சுற்றிக் கட்டும் பட்டையின் அளவு; எழுத்து என்பது மார்பின் முழுச் சுற்றளவு அந்தப் பட்டையை எவ்வளவு மீறுகிறது என்ற அளவு. ஆகவே தனித்து நிற்கும் எழுத்துக்கு அர்த்தமே இல்லை. 34டி கொள்ளும் அதே கொள்ளளவை 36சி-யும் கொள்ளும். டி என்றால் பெரிது என்ற பொது நம்பிக்கை தவறு. கீழ்ச்சுற்று 30 அங்குலம், முழுச்சுற்று 38 அங்குலம் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சுற்றோடு நான்கு அங்குலம் கூட்டும் பழைய முறைப்படி அவள் 34டி. கூட்டாமல் நேராக அளந்தால், பிரிட்டிஷ் அளவு வரிசையில் 30எஃப்எஃப். முதல் பிராவில் பட்டை தளர்ந்து முதுகில் மேலேறும், கப் போதாமல் மார்பு பிதுங்கும். பாரத்தைத் தாங்க வேண்டியது பட்டை; அது தளர்ந்தால் முழுப் பாரமும் தோள்பட்டிகளுக்குப் போய்ச் சேரும். பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், இரு கப்புகளுக்கு நடுவிலுள்ள பகுதி நெஞ்செலும்பில் படிய வேண்டும், தோள்பட்டியை ஓரளவு தளர்த்தினாலும் மார்பு தொங்கிவிடக் கூடாது. இவற்றைச் சொல்லித்தரும் கடைகள் நம்மிடையே குறைவு. சிறிய பட்டையும் பெரிய கப்பும் சேர்ந்த அளவுகள் கிடைப்பதும் அரிது. அளவு தெரியாமல் அனுபவிக்கும் வலியை உடம்பின் குற்றமாக எண்ணக் கூடாது. தன் உடம்பைச் சரியாக அறிந்துகொள்வது அதை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய கடமை. அதனால் அளவெடுத்துச் சரியான பிராவை முயன்று பார்ப்பதை நானும் வலியுறுத்துகிறேன்.

ஆனால் அந்த முயற்சிக்குப் பிறகும் வலி நீடித்தால் என்ன செய்வது? அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இதையே கேட்டு, 2002இல் விடை தந்தது. விசேஷ பிரா, எடைக் குறைப்பு, உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகியவை பெருமார்பின் வலிக்கு நிலையான நிவாரணம் தரவில்லை. அறுவை சிகிச்சை தந்தது. இன்னொன்றையும் அந்த ஆய்வு கண்டது. எவ்வளவு திசு அகற்றப்பட்டது, எந்த அளவு பிரா போட்டிருந்தாள், உடல் எடை என்ன என்பவற்றை வைத்து எவளுக்கு எவ்வளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியவில்லை. இதன் கனத்தை உணர, அங்குள்ள காப்பீட்டு நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1991இல் ஷ்னூர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், உடலின் மேற்பரப்புக்கும் அகற்றும் கிராமுக்கும் உள்ள உறவைக் காட்டும் ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் அதைத் தீர்ப்புத் தராசாக்கின. குறிப்பிட்ட கிராமுக்கு மேல் அகற்றினால் நோய். கீழே இருந்தால் அழகு ஆசை. பின்னர் அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே, எடையைப் பார்க்காமல் நோய்க்குறிகளைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லியது. நம் நாட்டிலும் அழகுக்கான சிகிச்சையைக் காப்பீடு ஏற்காது. மருத்துவக் காரணம் உண்டென்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று தர வேண்டும். சான்று கேட்பதில் தவறில்லை. வலியைத் தராசில் நிறுத்துவதுதான் தவறு.

அப்படியானால் வலிக்கு என்ன சான்று? இந்தக் கேள்விக்குத் தமிழ்ச் சமய மெய்யியல் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை சொல்லியிருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உண்மையை அறியும் வழிகள் காட்சி, கருதல், உரை என மூன்று. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் காட்சியையும் நான்காகப் பகுக்கிறது: ஐம்பொறி வழியாகக் காண்பது, மனத்தால் காண்பது, யோகியர் காண்பது, இவற்றோடு தன்வேதனைக் காட்சி. ஓர் உயிர் தன் இன்ப துன்பங்களைத் தானே நேராக அறிவது தன்வேதனைக் காட்சி. சித்தாந்தம் இதைக் கற்பனையிலோ ஐயத்திலோ சேர்க்கவில்லை. கண்ணால் கண்ட பொருளுக்குரிய அதே தகுதியை அதற்கும் தந்து, பிரமாணமாக ஏற்கிறது. என் எதிரிலிருக்கும் பெண்ணின் வலியை நான் கருதலால் ஊகிக்கலாம், அவள் உரையால் அறியலாம். காட்சியாக அறிபவள் அவள் ஒருத்தியே. கருதலைக்கொண்டு காட்சியை மறுப்பது தருக்க முறைக்கே விரோதம். அவளுடைய தன்வேதனை பொய்க்காது என்று நான் சொல்லவில்லை. வலிக்குக் காரணம் எது என்பதில் அவள் தவறலாம், பிராவோ கழுத்தெலும்போ காரணமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் மருத்துவர் இருக்கிறார். வலி இருக்கிறதா, தாங்கக் கூடியதா என்ற கேள்வியில் மட்டும் அவளுக்கு மேலான சாட்சி கிடையாது.

இனி, கடவுள் கொடுத்த உடம்பு என்ற மறுப்புக்கு வருவோம். அதே சித்தாந்தம், தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) ஆகிய நான்கையும் இறைவன் உயிருக்குக் கொடுத்தது எதற்காக என்று விளக்குகிறது: உயிர் தன்னைப் பிணித்த மலத்தைக் கழித்து வீடு பெறுவதற்காக. உடம்பு உயிருக்கு வாய்த்த கருவி. உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்த திருமூலரும், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணலானதாகத் திருமந்திரத்தில் சொல்கிறார். பேணுவது என்றால் தொடாமல் வைப்பது என்று அவர் கொள்ளவில்லை. உடம்பைப் பயிற்றுவித்துச் செம்மை செய்யும் யோகம் அந்த நூலில் ஒரு முக்கியப் பகுதி. நம் வழிபாட்டு வாழ்க்கையும் உடம்பைத் தொடாத வாழ்க்கையா என்ன? குழந்தைக்குக் காது குத்துகிறோம், முடி காணிக்கை தருகிறோம், அலகு குத்திக்கொள்கிறோம். உடம்பு மாறக் கூடாது என்பது நம் சமயத்தின் விதியாக ஒருபோதும் இருந்ததில்லை. பிற சமயங்களும் காரணத்தைத்தான் கேட்கின்றன. முழு உடலின் நன்மைக்காக ஓர் உறுப்பை இழக்கலாம் என்று தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் வாதிட்டார். 1958 அக்டோபரில், தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் பேசியபோது அழகுக்கான சிகிச்சையைக்கூட நோக்கத்தையும் சூழ்நிலையையும் பார்த்தே மதிப்பிட வேண்டும் என்றார். இறைவனின் படைப்பை மாற்றுவதைக் குர்ஆன் கண்டிக்கிறது; ஆயினும் 2007இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மனம்போன போக்கில் செய்யும் மாற்றத்தையும் தீங்கை நீக்கச் செய்யும் சிகிச்சையையும் பிரித்துப் பார்த்தது. எந்த வழியில் போனாலும் தீங்கு இருக்கிறதா என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறோம். அதற்கு விடை சொல்லக் கூடியவள் தீங்கை அனுபவிப்பவள்.

மார்பு மற்ற உறுப்புகளைப் போன்றதல்ல, அது தாய்மையின் உறுப்பு, பிள்ளைக்குரியது என்பார்கள். தமிழ் மனத்தில் இதற்கு ஆழமான வேர் உண்டு. சீர்காழியில் அழுத பிள்ளைக்கு அம்மை ஞானப்பால் ஊட்டிய கதையும், கண்ணகி தன் மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கதையும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. ஆனால் அதே மதுரையின் அரசி தடாதகை மூன்று தனங்களோடு பிறந்தாள் என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. தந்தை மலையத்துவசன் கலங்கினான்; இவளை மைந்தனைப் போல் வளர்த்து முடிசூட்டு, தனக்குரிய தலைவனைக் காணும்போது ஒரு தனம் மறையும் என்றது அசரீரி. தடாதகை எண்திசை வென்று, கயிலையில் இறைவனைக் கண்டபோது அது மறைந்தது. மார்பு எத்தனை, எவ்வளவு என்பதில் அவள் பெண்மையும் தெய்வத்தன்மையும் அடங்கியிருக்கவில்லை. மாறிய உடம்போடுதான் அவள் மீனாட்சி. இந்தக் கதையை மருத்துவ ஆதாரமாக நான் காட்டவில்லை. பெண்மையை மார்பின் அளவில் நிறுத்தும் எண்ணத்துக்கு நம் புராணம் துணை நிற்காது என்பதே நான் சொல்வது. தாய்ப்பால் பற்றிய கவலையோ நேர்மையான கவலை. முலைக்காம்பை அடித்திசுவோடு இணைத்தே வைக்கும் அறுவை முறைகளில் பால் கொடுக்கும் வாய்ப்பு மிஞ்சுகிறது, உறுதி இல்லை. காம்பைத் தனியே எடுத்து ஒட்டும் முறையில் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. இதைச் சிகிச்சைக்கு முன்பே அவளுக்குச் சொல்ல வேண்டும். முடிவை அவளிடம் விட வேண்டும். இன்னும் பிறக்காத பிள்ளையின் பெயரால் இருக்கிற பெண்ணின் வலியைத் தள்ளிவைப்பது அறமாகாது. ஆண்களின் நிலையையும் பாருங்கள். இளைஞர்கள் பெருத்த மார்பைக் குறைத்துக்கொள்வதும் இன்று நடக்கிறது. அந்தச் சிகிச்சையை ஏழாம் நூற்றாண்டிலேயே ஏஜினாவின் பால் என்ற கிரேக்க மருத்துவர் விவரித்திருக்கிறார். அவர்களிடம் யாரும் கடவுள் கொடுத்ததை ஏன் குறைக்கிறாய் என்று கேட்பதில்லை. ஆணிடம் எழாத ஆட்சேபம் பெண்ணிடம் மட்டும் எழுந்தால், அது இறையியலிலிருந்து வந்ததல்ல.

மிக வலுவான மறுப்பு இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது. உறுத்துப் பார்க்கும் கண்களும் கேலி பேசும் வாய்களும்தான் குற்றவாளிகள். அவர்கள் திருந்த வேண்டியிருக்க, பெண் ஏன் தன் உடம்பை அறுத்துக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பெண்ணின் மார்பை ஊரார் ஆள முனைந்த கொடுமையைத் தென் திருவிதாங்கூர் கண்டது. நாடார் பெண்கள் மேலாடை அணிவதை வழக்கத்தின் பெயரால் தடுத்தார்கள். தெய்வம் வகுத்த ஒழுங்கு என்றார்கள். நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் அந்தத் தடையைத் தளர்த்தி அரசு ஆணையிட்டது. அவர்கள் தெய்வ ஒழுங்கு என்றது மனிதர் கட்டிய ஒழுங்கு என்று இன்று எல்லோருக்கும் தெரியும். மூடக் கூடாது என்றவர்களும் குறைக்கக் கூடாது என்பவர்களும், சிறிதாக்கு என்று கேலியால் விரட்டுபவர்களும், ஒரே இடத்தில் தவறுகிறார்கள்: உடம்புக்கு உரியவளைக் கேட்காமல் பேசுகிறார்கள். பிறர் பார்வைக்காக மட்டும் கத்தியின் கீழ் படுக்க நினைக்கும் பெண்ணுக்குத் தன்வேதனை என்ற அளவை ஓர் எச்சரிக்கை. ஆள் நடமாட்டமே இல்லாத ஊரிலும் இந்தப் பாரம் என்னை வருத்துமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். வருத்தும் என்றால், சமூகம் திருந்தும்வரை காத்திரு என்று அவளிடம் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. கண்கள் திருந்தினாலும் முதுகு நோவு தீராது.

இந்தச் சிகிச்சையை எளிதென்று சொல்வதும் பொய்ச்சாட்சியே. தழும்பு வாழ்நாள் முழுதும் இருக்கும். காம்பின் உணர்ச்சி குறையலாம், அரிதாக முற்றிலும் போகலாம். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களுக்கும் காயம் ஆறுவது கடினம். வளர்ச்சி முடியாத வயதில் செய்தால் மறுபடி வளரலாம். இவை சிகிச்சையை விலக்கக் காரணங்கள் ஆகா. தெரிந்து முடிவெடுக்க வேண்டியதற்கான காரணங்கள். ஆகவே நான் கேட்பது இவ்வளவே. குடும்பம் முதலில் அவள் சொல்வதை நம்பட்டும். சரியாக அளவெடுத்து பிரா வாங்கும் அறிவை, பூப்பெய்தும் சிறுமிக்கு வெட்கமின்றித் தாய் சொல்லித்தரட்டும். மருத்துவர் அகற்றும் கிராமைக் கேட்பதற்கு முன், எத்தனை மணி நேரம் வலிக்கிறது, எதையெல்லாம் செய்ய முடியவில்லை என்று கேட்கட்டும். சமயப் பெரியவர்களிடம் அவள் வந்தால், உடம்பு இறைவன் தந்த கருவி என்ற உண்மையை அவளுக்கு எதிராக அல்ல, அவளுக்காகச் சொல்லட்டும். கருவியைத் தந்தவன் அதைத் தாங்குபவளிடம் தன்வேதனை என்ற அறிவையும் சேர்த்தே தந்திருக்கிறான். உடம்பைக் கடவுளின் கொடை என்று போற்றுகிறவர், அந்த அறிவையும் கொடையாக மதித்துத்தான் ஆக வேண்டும்.