கொடியவனை ரசிக்கலாமா?

சன் தொலைக்காட்சியில் 2022-இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில், வீட்டு மருமகள்களை அதட்டி அடக்கிய ஆதி குணசேகரனைப் பலரும் விரும்பிப் பார்த்தார்கள். அவ்வேடத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-இல் காலமானபோது, சொந்தக்காரரை இழந்ததுபோல் வருந்தினார்கள். அப்படியானால் கொடுமையையே விரும்பினார்களா?

மேட்டூரில் ஓர் அம்மாளிடம் கேட்டேன். “அந்தாளு பேச்சைக் கேக்கத்தானுங்க உக்கார்றேன். அதுக்காக எம் பொண்ணை அப்படியொரு வூட்டுக்குக் குடுப்பனா?” என்றார்.

ரசனைக்கும் சம்மதத்துக்கும் இடையே அவர் போட்ட கோடு நியாயமானதுதான். கொடியவனுக்கும் உயிருள்ள பேச்சைக் கொடுப்பது எழுதுகிறவன் கடமை. அதைச் சுவைப்பதில் பாவமில்லை. ஆனால் அந்த அம்மாள் மகளை மட்டுமே நினைத்தார். நம் வீட்டுக்கு வந்த மருமகளை, நம் மகன் அதே தொனியில் அதட்டும்போதும் நாம் ரசித்துச் சிரிக்கிறோமா? கோடு அழிவது அங்கேதான்.