வெறும் புல்தானேன்னு நினைச்சேன்

ஓம் சரவணபவ. 

போன வருஷம் கந்த சஷ்டியில நடந்த ஒரு விஷயத்தை எழுதறேன். எனக்கே இன்னும் முழுசா தீராத கேள்வி அது. நல்லது செய்யறோம்னு நினைச்சு ஒண்ணை ஆரம்பிச்சு, பாதியில அது தப்புன்னு தெரிஞ்சா, சாமிக்கு நேர்ந்துக்கிட்டதை நிறுத்தலாமா?

எங்க ஊர் சானமாவு. ஓசூர்ல கம்பெனி வேலை, ஷிப்ட் முடிஞ்சா வீடு. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ, "நல்லபடியா வந்தா உன் பேர்ல 108 மரம் வெக்கறேன் முருகா"ன்னு வேண்டிக்கிட்டேன். அம்மா நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாங்க. பக்தர் குழுவுல சொன்னதும் பசங்க ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டாங்க. சீக்கிரம் வளரும்னு தைலமரக் கன்னு வாங்கினோம். ஊருக்கு வெளியில புல் மட்டும் இருக்கிற ஒரு கரட்டுல சஷ்டி முதல் நாளே குழி தோண்ட ஆரம்பிச்சோம். "தரிசைச் சோலையாக்கும் முருக பக்தர்கள்"னு போட்டோ வேற போட்டாச்சு.

அறுபது குழி தோண்டியிருப்போம். ஆடு மேய்க்கிற ஒரு தாத்தா வந்து நின்னார்.

"ஏம்பா, இங்க என்ன இல்லைன்னு மரம் வெக்கறீங்க?"

"சும்மா கிடக்கிற இடம்தானே தாத்தா. வெறும் புல்லு."

அவர் கோபப்படல. குனிஞ்சு ஒவ்வொண்ணா காட்டினார். இது ஊசிப்புல்லு, இது அருகு, இது தும்பை, அது துத்தி, அந்தப் பக்கம் ஆவாரை. "மழை விழுந்ததும் ஒண்ணு எழும்பும். அது முத்தினதும் இன்னொண்ணு வரும். மாசியில எல்லாம் காஞ்சாலும் ஒண்ணு மட்டும் பச்சையா நிக்கும். மழை பொய்ச்ச வருஷத்துலகூட என் ஆடு பட்டினி கிடந்ததில்ல. நீங்க வெக்கிற மரத்துக்குக் கீழ என்னப்பா முளைக்கும்?"

என்கிட்ட பதில் இல்ல. ராத்திரி தூக்கம் வராம போன்ல தேட ஆரம்பிச்சேன். தேடிப் போனது எங்கே கொண்டு போய் விட்டுச்சு தெரியுமா? நம்ம பழநிக்கே.

பழநியில மலை ஏறறதுக்கு முன்னாடி சண்முகநதியில குளிக்கிறோம் இல்லையா? அந்தத் தண்ணி பழநி மலைத்தொடர்ல இருந்து இறங்கி வருது. மேல, கொடைக்கானல் பக்கம், ஒரு காலத்துல பள்ளத்துல சோலைக்காடும் மேட்டுல புல்வெளியும் கலந்து இருந்துச்சு. மழையை உறிஞ்சி வெச்சு ஓடையில மெதுவா விடறதுல அந்தப் புல்வெளிக்குப் பெரிய பங்கு உண்டு. குறிஞ்சிச் செடி வளர்றதும் அங்கேதான். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற நீலக்குறிஞ்சி 2006-ல பூத்துச்சு, 2018-ல பூத்துச்சு, அடுத்தது 2030. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில், 1936-ல லீலாவதி இராமநாதன் கட்டினது, நம்ம முருகனை அந்தப் பூ பேராலேயே கூப்பிடுது.

அந்தப் புல்வெளியை வெள்ளைக்காரன் வீணாக் கிடக்கிற நிலம்னு நினைச்சான். ஆஸ்திரேலியாவுல இருந்து சீகை மரம்னு நாம சொல்ற வாட்டில், தைலமரம் எல்லாம் வந்துச்சு, வேற இடத்துல இருந்து பைனும் வந்துச்சு. விறகுக்கும், தோல் பதனிடப் பட்டைக்கும் நட்டாங்க. சுதந்திரம் வந்த பிறகு நாமும் நிறுத்தல. 2018-ல வந்த ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களை வெச்சுச் சொல்லுது: நாற்பது வருஷத்துல பழநி மலைப் புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு. நட்டவங்க யாரும் கெட்டவங்க இல்ல. என்னை மாதிரியே "சும்மா கிடக்கு"ன்னு நினைச்சவங்க.

தாத்தா சொன்னதை அமெரிக்காவுல ஒரு விஞ்ஞானி அளந்தே பார்த்திருக்கார். மினசோட்டாவுல டேவிட் டில்மன்னு ஒருத்தர் புல்வெளியைப் பாத்தி பாத்தியாப் பிரிச்சு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தப்போ, 1988-ல கடுமையான வறட்சி வந்துச்சு. சில வகைச் செடி மட்டும் இருந்த பாத்தியில விளைச்சல் எட்டுல ஒரு பங்கா விழுந்துச்சு. பல வகை இருந்த பாத்தி பாதியைக் காப்பாத்திக்கிச்சு, சீக்கிரமாவும் மீண்டுச்சு. ஒண்ணு ஆழமா வேர் விடும், ஒண்ணு மேலாக. ஒண்ணு வாடினா இன்னொண்ணு அந்த இடத்தை நிரப்பும். நம்ம பக்கம் ராகி வயல்ல அவரை, துவரை, கடுகுன்னு சேர்த்து விதைக்கிறதும் இதே கணக்குதான்.

அழிச்சா திரும்ப வராதான்னு கேக்கலாம். வரும், ஆனா பச்சையாத் தெரியறது வேற, பழைய வகைகள் எல்லாம் திரும்பறது வேற. பழைய புல்வெளி அதோட எல்லாச் செடிகளோடயும் மீள குறைஞ்சது ஒரு நூற்றாண்டு ஆகும்னு 2020-ல ஒரு ஆய்வு சொல்லிச்சு. அப்பேர்ப்பட்ட ஒண்ணை நான் மண்வெட்டியால ஒரே வாரத்துல முடிக்கப் பார்த்தேன்.

மறுநாள் குழுவுல சொன்னேன். பெரிய சண்டை. "சாமிக்கு நேர்ந்துக்கிட்டதை நிறுத்தினா தெய்வக் குத்தம்"னு ஒருத்தன். "காசு குடுத்தவங்களுக்கு என்ன பதில்?"னு இன்னொருத்தன். ரெண்டுமே நியாயமான கேள்விதான்.

அன்னிக்கு எனக்குத் தோணினது சூரசம்ஹாரம். சூரபத்மன் கடைசியில என்னவா நின்னான்? மாமரமா. முருகன் வேல் விட்டது ஒரு மரத்து மேலதான். அப்போ மரம்னாலே புண்ணியம், வெட்டினாலே பாவம்னு சொல்லிட முடியாது. எது எங்கே நிக்குதுன்னு பார்க்கணும். வேலை ஞானம்னு பெரியவங்க சொல்றது அதுக்குத்தானே?

ஆனா இன்னொண்ணும் இருக்கு. முருகன் சூரனை அழிச்சுத் தூக்கிப் போடல. மயிலாவும் சேவலாவும் ஆக்கித் தன்கிட்டயே இடம் குடுத்தார். பழநி மலையில இப்போ வாட்டிலை அகற்றணும்னு சொல்றவங்களும் ஒரே நாள்ல மொட்டையடிக்கச் சொல்றதில்ல. சில இடங்கள்ல அந்த மர நிழல்லயே சோலைக் கன்னுகள் முளைச்சிருக்கு. மொத்தமா வெட்டினா மண் அரிக்கும், மண்ணுக்குள்ள இருக்கிற வாட்டில் விதை கூட்டமா முளைக்கும். அதனால மிச்சம் இருக்கிற புல்வெளியில புதுசா நுழையற கன்னைப் பிடுங்கறதுல ஆரம்பிக்கிறது நல்லது. கோபத்தால ஆகிற வேலை இல்ல அது. பொறுமை வேணும்.

நாங்க குழியை மூடினோம். தைலக் கன்னுகளைத் திருப்பிக் குடுத்துட்டு வேம்பும் புங்கனும் வாங்கி, கேட்ட வீட்டு வாசல்லயும் தெரு ஓரத்துலயும் வெச்சோம். 41 தான் ஆச்சு. போட்டோ போட்ட அதே குழுவுல, தப்பு பண்ணிட்டோம்னும் எழுதினேன். சிலர் குழுவை விட்டே போயிட்டாங்க.

அம்மாகிட்ட, "நேர்த்திக்கடன்ல 67 பாக்கி இருக்கும்மா"ன்னேன். அம்மா சொன்னாங்க: "முருகன் என்ன எண்ணிக்கிட்டா உக்காந்திருக்கான்? அந்த ஆடு மேய்க்கிறவர் வாயால வந்து நிறுத்தினதே அவன்தான்னு நினைச்சுக்கோ."

அப்படித்தானான்னு எனக்குத் தெரியாது. சாக்குச் சொல்லித் தப்பிக்கிறேனோன்னும் சில நாள் தோணும். ஒண்ணு மட்டும் தெரியும். பக்தியில கேக்காம விட்ட கேள்வி ஒண்ணு இருந்துச்சு: இங்க ஏற்கெனவே யார் இருக்காங்க? சாமி பேரைச் சொல்லிட்டா அந்தக் கேள்வி தேவையில்லைன்னு நினைச்சதுதான் என் தப்பு.

நீங்களும் முருகன் பேர்ல மரம் வெக்கறதா இருந்தா கட்டாயம் வையுங்க. அதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஆடு மாடு மேய்க்கிறவங்க ஒருத்தர்கிட்ட பேசுங்க. அடுத்த தைப்பூசத்துக்குச் சண்முகநதியில முங்கும்போது, மேல இருக்கிற அந்தப் புல்லையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!