துருவும் ஆணவமும்

செம்பில் களிம்பு என்று ஏறியது எனக் கேட்டால் சைவ சித்தாந்தம் நாள் குறிக்காது. செம்பு உள்ள அன்றே களிம்பும் உண்டு என்னும். உயிருக்கு ஆணவமும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த வழியில் இறைவனாகிய பதி, உயிராகிய பசு, ஆணவம் உள்ளிட்ட தளையாகிய பாசம் மூன்றும் அநாதி. வினை தீரும், ஆனால் ஆணவம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் மறைக்கும் சக்தி மட்டும் அடங்கும். அழியாத அழுக்கை வைத்துக்கொண்டு பெறும் விடுதலை என்ன விடுதலை? இந்தக் கேள்வி என்னை நெடுங்காலம் விடவில்லை.

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைச் செப்பனிடும்போதுதான் விடை பிடிபட்டது. பர்மிங்ஹாமில் செய்த 12 போர் (bore) துப்பாக்கி. கடலைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றிகளுக்காக வைத்திருந்தார். ஓர் இரவு குண்டடிபட்டு விழுந்தது சினைப்பன்றி. அதற்குப் பிறகு அவர் துப்பாக்கியைத் தொடவில்லை, விற்கவும் இல்லை. உரிமம் என் பெயருக்கு மாறி வந்தபோது குழல் முழுக்கச் செந்துரு.

விசைப்பகுதியை உரிமம் பெற்ற பட்டறையில் கொடுத்தேன். கட்டையும் குழலின் மேற்புறமும் என் பங்கு. வால்நட் கட்டையில் நசுங்கிய இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நீராவியில் மர இழை எழும்பிவிடும். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து ஊற விட வேண்டும். குழல் அவ்வளவு எளிதில் இணங்காது. பழைய இரட்டைக் குழல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப்பற்று. கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றினால் அது அரித்துப்போகும். துருவைக் கொண்டே கறுப்பேற்றுவதுதான் வழி.

பழைய துருவைத் தேய்த்தெடுத்து, எண்ணெய்ப் பசை போக்கி, அமிலக் கரைசலை மெல்லிசாகத் தடவி ஈரக்காற்றில் விட்டால் மறுபடி செந்துரு பூக்கும், இம்முறை சீராக. குழல்வாயை அடைத்து, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்தால் செம்மை கருமையாகும். வேதியியல் அதை மேக்னடைட் என்கிறது. எஃகுப் பஞ்சால் தூளைத் துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யச் செய்யக் கருமை இறுகும். அதே இரும்பு, அதே ஆக்சிஜன். கூடியிருக்கும் விதம்தான் வேறு. இரும்பைத் தின்றதே இரும்பைக் காக்கிறது.

ஆழமான துருக்குழிகளை அப்படியே விட்டேன். அவை மறையும்வரை தேய்த்தால் குழலின் சுவர் மெலியும். மெலிந்த குழல் அழுத்தம் தாங்காது.

கொல்லும் கருவிக்கு இத்தனை பணிவிடையா என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. நான் தோட்டா வாங்கப்போவதில்லை. ஆனால் கவனியாமல் விடுவது நோன்பாகாது. உருக்கிவிட்டால் நடந்ததற்குச் சாட்சியும் இல்லை.

தாத்தாவை இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். 'என் கொல்லை' என்ற முனைப்பில் சுட்டவர் அவர். பின்னாளில் கொல்லையைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டார்; இரவெல்லாம் தகரம் தட்டினார்; ஊரார் முயலுக்கு வைத்த கண்ணிகளைத் தேடிப்போய் அறுத்தார். பிடிவாதம் துளியும் குறையவில்லை. முன்பு கொன்ற பிடிவாதமே பிறகு காவல் நின்றது. அவரை வேறு ஆளாக்காமலே அருள் அவரிடம் வேலை செய்திருக்கிறது.

ஆணவத்தை வேரோடு பிடுங்கிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லிலேயே ஆணவம் இருக்கிறது. அதை அடக்கும் பொறுப்பு நம்முடையதல்ல. அருளின் சூட்டிலிருந்து அதை ஒளித்துவைக்காமல் இருப்பதுதான் நம்முடைய சாதனை.