உடையும் வாய்மையும்

ஈழத்துக் கூத்து மரபிலே பெண்வேடம் புனைந்த ஆண்களை ஊரே கூடிப் பாராட்டியது. புடைவைக் கடைக்குள் தனக்கெனச் சேலை வாங்கப் புகும் ஆணுக்கோ அம்மதிப்புக் கிட்டுவதில்லை. "யாருக்கு?" என்னும் விற்பனையாளரின் வினாவுக்கு, "மனைவிக்கு" எனப் பொய்யுரைத்தால் மதிக்கப்படுகிறான், "எனக்கு" என மெய்யுரைத்தால் நகைக்கப்படுகிறான். சட்டையை உடுத்துப் பார்த்து அளவறிதலும் அவனுக்கு அரிது.

1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதலை வரையறுக்கின்றது. எதிர்ப்பாலார் உடை அணிந்தோர்மீதும் அது ஏவப்பட்டதுண்டு. ஆயின், உரிய விலை கொடுத்துத் தன் உடையைத் தானே தெரிந்து வாங்குபவன் யாரை ஏமாற்றுகிறான்? அக்கடையில் நிகழ்ந்த ஒரே ஏமாற்று, "மனைவிக்கு" என்ற சொல்லே. அதனை அவன் வாயில் இட்டது சமுதாயம். வாய்மையை அறமெனப் போற்றுவோர், அதனைப் பிறர் அச்சமின்றி உரைக்கவும் இடமளித்தல் வேண்டும்.