ஓயாமை அறமாகுமா?

"ஓய்வு ஒழிச்சலின்றி உழைக்கிறார்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதைப் பாராட்டாகவே கொள்கிறோம். உழைப்பைப் போற்றுதல் தகும். ஆயினும், ஓயாமை என்பது தன்னளவிலேயே அறமாகிவிடுமா என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. நம் உள்ளத்தில் அவ்வினாவை எழுப்பியது அறநூல் எதுவுமன்று. பங்குப் பணியகத்து மேசைமீது இருக்கும் கணிப்பொறி.

திருச்சுழிப் பகுதியில் ஒரு கோடைக்காலக் காலை. மகளின் திருமணத்திற்காக ஞானஸ்நானச் சான்றிதழ் பெற, நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பெரியவர் ஒருவர் முதல் பேருந்திலேயே வந்திருந்தார். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர். பெயரைத் தட்டச்சு செய்ததும் கணிப்பொறி அப்படியே நின்றுவிட்டது. திரை அசையவில்லை, உள்ளிருந்த விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினோம், மீண்டும் மீண்டும் அழுத்தினோம். உதவிக்கு இருந்த இளைஞர், "சாமி, அமுக்க அமுக்க அதுக்கு வேலை கூடத்தான் செய்யும். கொஞ்சம் கையை எடுங்க" என்றார். எடுக்க மனம் வரவில்லை. "சாமி, நான் இன்னொரு நாளைக்கு வரட்டுமா?" என்று பெரியவர் வாசலிலிருந்து கேட்டபோது, "வேலையாக இருப்பது தெரியவில்லையா?" என்று சிடுசிடுத்தோம். நண்பகல்வரை வேப்பமரத்தடியில் இருந்துவிட்டு அவர் போய்விட்டார். போனபின்னரே நமக்கு நினைவு வந்தது: பழைய பதிவேடு கைக்கெட்டும் தொலைவில், அலமாரியில்தான் இருந்தது. பார்த்துக் கையால் எழுதிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

பின்னர் அந்த இளைஞர் நமக்கு ஒன்றை விளக்கினார். கணிப்பொறி உறைந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அப்பொழுதுதான் அது மிகக் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறது. இயங்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஏதோ ஒரு நிரல் மட்டும் மையச் செயலகத்தின் ஆற்றலை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிக்கொண்டிருப்பது தெரியும். மற்றவை வரிசையில் நிற்கின்றன. சூடு ஏறுகிறது, விசிறி கதறுகிறது, வெளியே வரும் பயனோ சுழி.

நிரல் சுழல்வது குற்றமன்று. ஆயிரம் பெயர்களுள் ஒன்றைத் தேட, ஆயிரம் முறைகூடச் சுற்றத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுழற்சிக்கும், 'இது நிகழ்ந்தால் வெளியேறு' என்றொரு நிபந்தனை இருத்தல் வேண்டும். அந்நிபந்தனையை எழுத மறந்தாலோ, அது ஒருபோதும் நிறைவேறாதபடி எழுதினாலோ, நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். திருச்சுழி என்னும் ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் ஒரு காரணம் கூறும்: ஊழிப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தில் துளையிட, வெள்ளம் சுழித்து உள்ளே இறங்கிற்றாம். கதையின் நுட்பம் அந்தத் துளையில் இருக்கிறது. வழி இருந்தமையால் சுழி வெள்ளத்தை வடித்தது. வழி இல்லையேல் சுழன்றுகொண்டேயிருக்கும்.

தான் வீணே சுற்றுகிறோம் என்பதைச் சுற்றுபவரே அறிந்துகொள்ள முடியாதா? ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங் (இவருடைய அன்னை நம் போத்தனூரில் பிறந்தவர்) 1936ஆம் ஆண்டில் வியப்பான ஓர் உண்மையை நிறுவினார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது என்றேனும் நிற்குமா, நில்லாதா என்று பிழையின்றிச் சொல்லவல்ல பொது வழிமுறை ஒன்று இருக்கவே முடியாது. இருப்பதாகக் கொள்வோம். 'நிற்கும்' என்று அது சொன்னால் சுழல்வதும், 'நில்லாது' என்று சொன்னால் நிற்பதுமான ஒரு நிரலை எழுதிவிடலாம். தீர்ப்பு அங்கேயே பொய்த்துப்போகும். இக்கணித முடிவை மனித உள்ளத்தின்மேல் அப்படியே ஏற்றுவது தருக்கப் பிழையாகும். எனினும் பொறியாளர்கள் கண்ட நடைமுறைத் தீர்வு நமக்கும் பொருந்தும். முக்கியமான கருவிகளில் காவற்கடிகாரம் ஒன்றை நிரலுக்கு வெளியே வைக்கிறார்கள். குறித்த நேரத்திற்குள் 'நலமே' என்ற குறிப்பு வராவிடில், அது கருவியை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்யும். அன்று நமக்குக் காவற்கடிகாரமாக அந்த இளைஞர் இருந்தார். நாம்தான் செவிசாய்க்கவில்லை.

1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கலத்தின் கணிப்பொறி '1202' என்ற அபாயக் குறியைக் காட்டியது. இறங்குவதற்குத் தேவைப்படாத ராடார் ஒன்று அதன் நேரத்தைத் தின்றுகொண்டிருந்ததால் பளு மிகுந்துவிட்டது. ஆனால் இந்நிலையை முன்னரே எண்ணிப் பார்த்து அதன் நிரலை அமைத்திருந்தனர். கணிப்பொறி தன்னைத்தானே மீண்டும் தொடங்கி, குறைந்த முக்கியத்துவமுடைய பணிகளைக் கைவிட்டு, கலத்தை வழிநடத்தும் பணியை மட்டும் காத்துக்கொண்டது. மனிதர் நிலவில் இறங்கினர். இதைக் கேட்டு நம் வட்டாரத்து உழவர் வியக்கமாட்டார். கலுங்கில்லாமல் கண்மாய் கட்டக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். மிகுந்த நீரை அடுத்த கண்மாய்க்கு விட மறுத்தால் கரை உடையும்; உள்ள நீரும் போய்விடும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். விடாமுயற்சி அறமல்லவா? நோயுற்ற குழந்தையருகே இரவெல்லாம் விழித்து, அதே ஈரத்துணியை நூறு முறை நனைத்துப் போடும் தாயும் சுழல்பவள்தானே? ஆம், சுழல்கிறாள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். அங்கே காண்பதற்கேற்ப அடுத்த செயல் மாறுகிறது. சூடு தணிந்தால் நிறுத்துகிறாள், ஏறினால் மருத்துவரிடம் ஓடுகிறாள். அவளுடைய கண் தன் உழைப்பின்மீது இல்லை. விடாமுயற்சிக்கும் வீண்சுழற்சிக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே என்று நாம் கருதுகிறோம். நெடுங்காலம் உழைத்தோமா என்பதைவிட, யாருக்காக உழைத்தோமோ அவர்களை இடையிடையே நிமிர்ந்து பார்த்தோமா என்பதே கேள்வி. பழைய மனத்தாங்கலை இரவெல்லாம் அசைபோடுபவரும், கூட்டத்தின்மேல் கூட்டம் கூட்டி ஒன்றையும் முடிக்காதவரும், அன்று நாமும், நிமிர்ந்து பார்க்காதவர்களே.

நிற்கும் நிரலை நிறுத்துவதிலும் இழப்பு உண்டு. சேமிக்காமல் விட்டவை போய்விடும். அதை அஞ்சியே நாமும் பலவற்றை முடித்துவிடத் தயங்குகிறோம். ஆனால் தயங்கும் நேரமெல்லாம் வாசலில் ஒருவர் காத்திருக்கிறார்.

மறுநாள் சான்றிதழைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு நரிக்குடிப் பேருந்தில் ஏறினோம். பெரியவர் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு, "இதுக்காகவா சாமி இந்த வெயில்ல வந்தீங்க?" என்றார். முதல்நாள் நிகழ்ந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் இழந்த ஒரு நாள் கூலியைப் பற்றி நாமும் வாய்திறக்கவில்லை, திறந்திருக்க வேண்டும்.