கடுகளவு பொன்னும் அதன் கணக்கும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்றைய உரை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர் நியூசிலாந்தில் வேலை பார்க்கிறார். பெயர் வேண்டாம். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சுண்டுவிரல் அளவு கண்ணாடிச் சீசா. அதில் தண்ணீர், அடியில் மஞ்சளாக ஏழெட்டுப் பொட்டுகள். "ஹழ்ரத், இது நானே ஆற்றில் அரித்தெடுத்த தங்கம். உம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

சிக்கலைப் பிறகு சொல்கிறேன். முதலில், ஆற்றில் தங்கம் எப்படி வந்தது என்று பார்ப்போம். அதில் அல்லாஹ்வின் அத்தாட்சி இருக்கிறது.

நியூசிலாந்தின் தென்தீவில் ஒட்டாகோ என்று ஒரு பகுதி. அங்கே ஆரோடவுன் என்ற சிற்றூரை ஒட்டி ஆரோ என்ற ஆறு ஓடுகிறது. அந்த மலைகளின் பாறைக்குள்ளே வெள்ளைப் படிகக்கல் நரம்பு நரம்பாக ஓடும். அந்த நரம்புகளுக்குள் தங்கம் சிறு சிறு துகளாக ஒளிந்திருக்கும். பனியுகத்தில் ஊர் அளவு, மலை அளவு பனிப்பாறைகள் அந்தப் பள்ளத்தாக்குகளில் மெல்ல நகர்ந்தன. பக்கத்தில் இருக்கும் வாகாட்டிபு ஏரியே பனி குடைந்த பள்ளம்தான். பனி நகரும்போது அடியிலுள்ள பாறையை அம்மியில் வைத்து அரைப்பதுபோல அரைத்துவிடும். பனி உருகியபின் ஆறுகள் அந்தக் கல்லையும் மணலையும் வாரிக்கொண்டு வந்து, கனமானதைக் கீழே விட்டு, இலேசானதைக் கொண்டுபோய்விட்டன. தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்குக்கு மேல் கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குதான். அதனால் வெள்ளம் வேகம் குறையும் வளைவின் உட்பக்கத்திலும், பெரிய கல்லின் பின்புறத்திலும், அடிப்பாறையின் வெடிப்புகளிலும் தங்கம் போய்த் தங்கிவிடும்.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசம் நம் எல்லோருக்கும் தெரியும். கடுகு வித்தின் எடை அளவு ஒரு செயல் பாறைக்குள்ளே ஒளிந்திருந்தாலும் அதை அல்லாஹ் வெளியே கொண்டுவந்து விடுவான் என்ற கருத்தில் மகனுக்கு எடுத்துச் சொன்னார்கள். இதை எத்தனை முறை ஓதியிருப்போம்! பாறைக்குள் இருக்கும் கடுகு எப்படி வெளியே வரும் என்று யோசித்திருக்கிறோமா? அந்த ஆற்றங்கரையில் நின்றால் கண்ணால் பார்க்கலாம். பாறைக்குள் கடுகைவிடச் சிறியதாக இருந்ததை, பனியை அனுப்பி, ஆற்றை அனுப்பி, ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

இனி அரிக்கும் முறை. நம் தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ரேஷன் அரிசியில் கல் கிடந்த காலத்தில் அரிக்கன் சட்டியில் போட்டு அரித்தவர்கள் நீங்கள். சட்டியின் உள்ளே வரி வரியாக இருக்கும். தண்ணீர் ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, சாய்த்தால் அரிசி அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் வரியில் தங்கும். தங்கம் அரிக்கும் தட்டும் அதேதான், அதிலும் வரி உண்டு. மணலை அள்ளி, தண்ணீருக்குள் வைத்துக் குலுக்கி, சாய்த்துச் சாய்த்துக் கழுவினால் முதலில் கூழாங்கல் போகும், பிறகு மணல் போகும், கடைசியில் இரும்புச் சத்துள்ள கருமணல் ஒரு பிடி நிற்கும். அதையும் மெல்ல விலக்கினால் மஞ்சள் பொட்டு தெரியும். அங்கே எறிய வேண்டிய கல் அடியில் நின்றது, இங்கே எடுக்க வேண்டிய பொன் அடியில் நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது அப்ரகத்தில்தானாம். வெயில் பட்டால் தங்கத்தைவிட அதிகமாக மின்னும். தண்ணீரில் மேலே மேலே வரும். தட்டை நிழலில் பிடித்தால் அப்ரகம் அணைந்துபோகும், தங்கம் நிழலிலும் அதே நிறத்தில் இருக்கும். சூரத்துர் ரஃதில் அல்லாஹு தஆலா வெள்ளத்தையும் அதன் மேல் மிதந்து வரும் நுரையையும், ஆபரணத்துக்காக உருக்கும் உலோகத்தின் கசட்டையும் சேர்த்து ஒரே இடத்தில் உவமையாகச் சொல்கிறான். ஆற்றையும் பொன்னையும் ஒரே வசனத்தில் சேர்த்த ரப்பு அவன். வீட்டுக்குப் போய் பதினேழாம் வசனத்தின் தர்ஜுமாவை எடுத்துப் படியுங்கள்.

1862-ல் அங்கே தங்கம் இருப்பது வெளியே தெரிந்து கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். அதே ஆண்டில் பக்கத்து ஷாட்டோவர் ஆற்றில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். டான் எலிசன், ஹாகராயா ஹாஎரோவா என்று இரண்டு மாவோரி மக்கள். அவர்களுடைய நாயை வெள்ளம் இழுத்துப் போய்விட்டது. அதைக் காப்பாற்ற அக்கரைக்குப் போனவர்கள், பாறை இடுக்கில் பொன்னைக் கண்டார்கள். பொழுது சாய்வதற்குள் 300 அவுன்ஸ் எடுத்தார்களாம். தாகித்த நாய்க்குத் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்ததாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி இதைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது. அவருக்குக் கிடைத்தது இதைவிடப் பெரியது.

எல்லாக் கதையும் இப்படி இல்லை. ஆரோடவுனில் ஆற்றோரமாகச் சீனர்கள் வாழ்ந்த கல் குடிசைகளை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அரித்துவிட்டுப் போன மண்ணை மீண்டும் அரித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு, கிடைத்ததை ஊருக்கு அனுப்பிய ஆண்கள். வளைகுடாவுக்குப் போன நம் வாப்பாமார்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1881-ல் சீனர் என்பதற்காகவே தலைக்குப் பத்து பவுண்டு வரி போட்டார்கள். பிறகு அது நூறு பவுண்டானது. 2002-ல் அந்த நாட்டு அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது. 121 ஆண்டுகள் கழித்து, செத்துப்போனவர்களிடம்! மனிதர்களின் ஏட்டிலேயே பழைய கணக்கு இப்படித் திறக்கப்படுகிறது என்றால், மறுமையின் ஏடு எப்படி இருக்கும்!

சரி, நம் பிள்ளையின் சிக்கலுக்கு வருகிறேன்.

அந்த நாட்டில் இயற்கையாகக் கிடக்கும் தங்கம் அரசின் உடைமை. 1991-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் பொழுதுபோக்காக அரிப்பவர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆரோ ஆற்றில் ஊரை ஒட்டி அப்படி ஓர் இடம் உண்டு. அங்கே தட்டு, மண்வெட்டி போன்ற கைக்கருவிகளைக் கொண்டு யாரும் அரிக்கலாம். மோட்டார் வைத்த எந்திரம் கூடாது. கிடைத்ததை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஒதுக்கிய இடத்துக்கு வெளியே அரிப்பதென்றால் அனுமதி வாங்க வேண்டும்.

இவர் முதல் நாள் கடையில் தட்டு வாடகைக்கு எடுத்து, ஒதுக்கிய இடத்திலேயே நாள் முழுக்க அரித்தார். பனி உருகி வரும் தண்ணீர், கை மரத்துப் போகுமாம். அந்தத் தண்ணீரிலேயே ஒளூச் செய்து, கூழாங்கல் மேல் நின்று லுஹர் தொழுதோம் என்றார். மாஷா அல்லாஹ். கிடைத்தது மூன்று பொட்டு. இதில் எந்தக் குறையும் இல்லை. உழைத்து, உரிமையாளர் அனுமதித்த இடத்தில் எடுத்தது ஹலால்.

மறுநாள் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது வேறொரு ஆறு. பலகை இல்லை, ஆள் இல்லை. இறங்கி அரித்தார்கள். ஐந்து பொட்டு கிடைத்தது. எல்லாம் ஒரே சீசாவில் போட்டாயிற்று. ஊருக்குத் திரும்பியபின் சட்டத்தைப் படித்துப் பார்த்தால், அந்த இரண்டாவது ஆறு ஒதுக்கிய இடத்தில் இல்லை.

"மொத்தமும் சேர்த்து ஒரு குன்றிமணி எடைகூடத் தேறாது ஹழ்ரத். இதற்கெல்லாம் கணக்கு உண்டா?" இதுதான் கேள்வி.

பலர் முதலில் ஜகாத்தைப் பற்றித்தான் கேட்பீர்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுரங்கப் பொருளில் ஐந்தில் ஒன்று கடமை என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபி மத்ஹபில் நிஸாபை, அதாவது சுமார் 85 கிராமை எட்டினால் நாற்பதில் ஒன்று. ஆண்கள் தங்கம் அணியக் கூடாது, ஆனால் வைத்துக்கொள்ளலாம், தாய்க்குக் கொடுக்கலாம். இதெல்லாம் அந்தப் பொருள் நம்முடையதாக இருந்தால் வரும் சட்டங்கள். நம்முடையதுதானா என்பதே இங்கே கேள்வி.

கைபர் போரில் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த மித்அம் என்பவர் திரும்பும் வழியில் அம்பு பட்டு இறந்தார். அவருக்குச் சொர்க்கம் என்று தோழர்கள் மகிழ்ந்தபோது, இல்லை, பங்கிடுவதற்கு முன் அவர் எடுத்த ஒரு போர்வை அவர் மேல் நெருப்பாக எரிகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதும் ஒருவர் ஓடிப்போய் ஒரு செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. செருப்பு வார் என்ன விலை பெறும்? அந்த ஸஹாபி அதைக் கேட்கவில்லை. கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

பொது உடைமையை "யாருடையதும் இல்லை" என்று நினைப்பது நம்மிடம் இருக்கும் பெரிய நோய். இங்கே ஆற்று மணல் லாரி லாரியாகப் போவதும் அந்த நினைப்பில்தான். ஆள் இல்லாத ஆறு என்று பிள்ளை எழுதியிருந்தார். பாறைக்குள் இருந்த துகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அங்கேயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

நான் எழுதிய பதில் இதுதான்: "தம்பி, தெரியாமல் செய்தாய். அதற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேள், மனம் உடைந்துவிடாதே. ஆனால் தெரிந்தபின் வைத்திருக்கக் கூடாது. எந்த ஐந்து எது என்று உனக்கே தெரியாத நிலையில், சந்தேகமானதை விட்டுவிடுவது பேணுதல். எடுத்த ஆற்றிலேயே எட்டையும் போட்டுவிடு. இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கட்டும்."

உடனே பதில் வரவில்லை. நான்கு நாள் கழித்து வந்தது. "உம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் ஹழ்ரத். எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்."

எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. தாயின் ஆசை சின்ன விஷயம் இல்லை. அந்த உம்மாவிடம் நானே போனில் பேசினேன். விவரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆற்றில் போடச் சொல்லுங்க ஹழ்ரத். அவன் குளிரில் கையை விட்டு அரிச்சானே, அதுவே எனக்குப் போதும். அந்த வேலையை விட்டுட வேண்டாம், லீவு கிடைச்சா சரியான இடத்தில் போய் எடுக்கச் சொல்லுங்க" என்றார்கள்.

போன ஞாயிறு அவர் ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போய்ச் சீசாவைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த விடுமுறைக்கு, ஒதுக்கிய இடங்களின் வரைபடத்தைப் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அவருக்காகவும் அவருடைய உம்மாவுக்காகவும் துஆச் செய்யுங்கள்.

குத்பாவுக்கு நேரமாகிறது. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.